வெள்ளிக்கிழமைத் தம்பி

பரீட்சையில் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதியதைக் கண்டுபிடிப்பதில் நான் பேர் போனவள். உக்குவளைப் பள்ளிக்கூடத்தில் இருபத்திரண்டு வருஷம் விஞ்ஞானம் படிப்பித்தேன். இரண்டு வரி வாசித்ததுமே இது இந்தப் பிள்ளையின் சொந்த மறுமொழி இல்லை என்று சொல்லிவிடுவேன். அப்படிப்பட்ட என்னை என் சொந்தத் தம்பி ஒன்றரை வருஷம் ஏமாற்றினான். இதை எழுதி வைக்க வேண்டும் என்று நினைத்து நினைத்துத் தள்ளிப்போட்டேன். இன்றைக்கும் எழுத உட்கார்ந்தால் கோபம்தான் முந்திக்கொண்டு வருகிறது. வரட்டும், அதற்காக எழுதாமல் இருக்க முடியாது.

அப்பா அரசாங்கக் கச்சேரியில் எழுதுவினைஞர் வேலைக்காக வடக்கிலிருந்து மாத்தளைக்கு வந்தவர். ஓய்வு பெற்றதும் ஊருக்குப் போகலாம் என்று சொல்லிக்கொண்டே இருந்து, இங்கேயே கண்ணை மூடினார். அம்மா கடைசிவரை ஊர்ப் பேச்சைத்தான் பேசினார். நானும் தம்பியும் இங்கே பிறந்து வளர்ந்தவர்கள் என்பதால் எங்கள் வாயில் மாத்தளைப் பேச்சு ஏறிவிட்டது. அவன் என்னைவிடப் பதினொரு வயது இளையவன். எனக்குக் கல்யாணம் சரிவரவில்லை, நானும் அதற்காக அழவில்லை. தம்பியைப் படிக்க வைத்ததே எனக்குப் போதும் என்று இருந்தேன். அவன் கெட்டிக்காரன். கொழும்பில் கொம்பியூட்டர் படித்து, மேலே படிக்க லண்டனுக்குப் போனான்.

அவன் போகும்போது சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. பிறகு சண்டை திரும்ப மூண்டு, ஏ9 பாதையை வடக்கே மூடினார்கள். பஸ்ஸை நிறுத்தி அடையாள அட்டை பார்ப்பதும் திரும்பத் தொடங்கியது. வீட்டு டெலிபோனில் வெளிநாட்டோடு அடிக்கடி பேசினால் யாராவது குறித்து வைப்பார்கள் என்று அம்மா பயந்தார். அந்தப் பயத்தைப் பிழை என்று சொல்லவும் முடியாத காலம். அதனால் தம்பியோடு பேச்செல்லாம் இன்டர்நெட்டில் என்று ஆகிவிட்டது.

மாத்தளை பஸ் நிலையத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு கொமியூனிகேஷன் கடை இருந்தது. போட்டோக் கொப்பி, வெளிநாட்டுக்கு டெலிபோன் கோல், சுவரோரம் ஐந்து கொம்பியூட்டர். கடைக்காரர் முஸ்லிம், எல்லாரும் அவரை அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடுவார்கள். வெள்ளிக்கிழமை நாலரைக்கு நான் வருவேன் என்று தெரிந்து மூலையில் உள்ள மிசினை எனக்காக ஒதுக்கி வைத்திருப்பார். நானும் தம்பியும் ஆங்கில எழுத்தில் தமிழை அடித்து அரை மணித்தியாலம் பேசுவோம். அம்மா கேட்கச் சொன்னதையெல்லாம் ஒரு கடித உறையின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு போவேன். அவன் சொன்னதைக் கொப்பியில் இறக்கிக்கொண்டு வந்து வீட்டில் வாசிப்பேன். அம்மா பாக்கை வாயில் அடக்கிக்கொண்டு கேட்பார்.

முதல் வருஷம் அவன் ஒழுங்காக வருவதே இல்லை. நான் திரையைப் பார்த்துக்கொண்டு அரை மணித்தியாலமும் சும்மா இருந்துவிட்டுத் திரும்பிய நாட்கள் உண்டு. படிப்பு, அதோடு ஒரு பெற்றோல் நிலையத்தில் வேலை என்று காரணம் சொல்வான். பிறகு திடீரென்று திருந்தினான். நாலரை என்றால் நாலரைக்கு அங்கே இருப்பான். நான் வணக்கம் அடித்து முடிப்பதற்குள், "சாப்பிட்டீங்களா அக்கா?" என்று வந்துவிடும். போன வெள்ளி நான் சொன்னதை இந்த வெள்ளி ஞாபகம் வைத்துக் கேட்பான். என் முழங்கால் நோவு எப்படி, அதிபரோடு இருந்த மனஸ்தாபம் தீர்ந்ததா, கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா என்று விசாரிப்பான். என் முழங்காலைப் பற்றி இந்த உலகத்தில் வேறு ஒருவரும் கேட்டதில்லை. லண்டன் அவனை மனுஷனாக்கிவிட்டது என்று அம்மாவிடம் சொன்னேன். வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்கும் போகிறான் என்று கேட்டு அம்மாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. ஒரே ஒரு குறைதான் அவருக்கு: பருப்பு, கத்தரிக்காய், முட்டை, மறுபடி பருப்பு என்று ஒரே கறியைச் சுற்றிச் சுற்றிச் சமைக்கிறானே என்று.

என்ன படிக்கிறான் என்று ஒருமுறை கேட்டேன். தூரத்தில் இருப்பவர்கள் பக்கத்தில் இருப்பது போல உணர்வதற்கு உதவும் ஏஜன்ட் செய்கிறேன் என்றான். உன்னை வெளிநாட்டுக்கு அனுப்ப ஏஜன்ட்மாரிடம் பட்டபாடு போதாதா, இனி ஏஜன்ட் வேலை வேறா என்று கேலி செய்தேன். அவன் சிரித்துவிட்டு, இது ஆள் இல்லை அக்கா, கொம்பியூட்டருக்குள் இருக்கும் ஒரு புரோகிராம் என்றான். நானும் மேலே கேட்கவில்லை. எனக்கென்ன, பிள்ளை படித்து முடித்தால் சரி.

ஐப்பசியில் அம்மாவின் மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. கண்டிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டொக்டர் பார்த்துவிட்டு, ஒரு மாதத்துக்குள் ஒப்பரேஷன் செய்துவிட வேண்டும், தள்ளிப்போடக் கூடாது என்றார். திரும்பி வந்து வீட்டுப் படியேறும்போது அம்மா சொன்னார்:

"அவன் வரட்டும். பெத்த பிள்ளை பக்கத்தில நிண்டாத்தான் நான் கத்தி வைக்க விடுவன்."

நானும் பெற்ற பிள்ளைதான். அதை அன்றைக்கு அம்மாவிடம் சொல்லவில்லை. இங்கே எழுதுவதற்கு எனக்கு வெட்கமில்லை, அது சுட்டது.

அடுத்த வெள்ளி எல்லாவற்றையும் தம்பிக்கு அடித்தேன். கட்டியைப் பற்றி, டொக்டர் தந்த தவணையைப் பற்றி, அம்மாவின் பிடிவாதத்தைப் பற்றி. நீ வருவாயா, எப்போது வருவாய், சரியாகச் சொல், உன் பதிலை வைத்துத்தான் அம்மா முடிவெடுப்பார் என்று கேட்டேன். "கேட்டுச் சொல்றேன் அக்கா" என்று உடனே வந்தது. லீவு கேட்கப் போகிறான் என்று நினைத்தேன். திரை கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. நானா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். தேத்தண்ணி பாதி குடிக்கும்போது மறுமொழி வந்தது.

"வாறேன் அக்கா. தைப்பொங்கலுக்குக் கட்டாயம் வாறேன். அம்மாவை யோசிக்க வேணாம்னு சொல்லுங்க."

அதை நான் கொப்பியில் எழுதவில்லை. வீடு வரைக்கும் வாயில் வைத்துக்கொண்டே வந்து அம்மாவிடம் சொன்னேன். அவர் முகம் மலர்ந்த விதத்தை இன்றைக்கும் மறக்கவில்லை. மறுநாளே அவனுக்கென்று மிளகாய் காயப்போடத் தொடங்கிவிட்டார். டொக்டர் என்னைத்தான் ஏசினார். படித்த பிள்ளை நீங்கள், இரண்டரை மாதம் தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்று தெரியாதா என்று கேட்டார். தெரியும். விஞ்ஞானம் படிப்பிக்கிறவளுக்குத் தெரியாமல் இருக்குமா? ஆனால் அம்மாவோடு சண்டை பிடித்து இழுத்துக்கொண்டு போகும் துணிவு எனக்கு வரவில்லை. தம்பி வருகிறான், அவன் சொன்னால் கேட்பார் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

தை வந்தது, அவன் வரவில்லை. லீவு தரமாட்டேன் என்கிறார்கள், மாசியில் கட்டாயம் வருகிறேன் என்று அடித்தான். அம்மா அதையும் நம்பினார். மாசி நடுப்பகுதியில் அவரால் கையைத் தூக்க முடியவில்லை. அப்போதுதான் நான் ஒருவரையும் கேட்காமல் வேன் பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். திறந்து பார்ப்பதில் இனிப் பிரயோசனமில்லை என்றார்கள். பங்குனியில் அம்மா போய்ச் சேர்ந்தார். கடைசி இரண்டு நாளும் வாசலில் ஆள் நிழல் பட்டால் தலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே கிடந்தார்.

அன்றைக்குத் தம்பி வீட்டுக்குக் கோல் எடுத்தான். அழுதான். விசா புதுப்பிக்கக் கொடுத்த பாஸ்போட் எட்டு மாதமாக அவர்கள் கையில் கிடக்கிறது, நாட்டைவிட்டு வெளியே வர முடியாது என்று சொல்லிச் சொல்லி அழுதான். நானும் அழுதேன். எட்டு மாதம் என்பதை அந்த நேரம் எண்ணிப் பார்க்கவில்லை. பலாபத்வலையில் இருந்து பெரியப்பாவின் மகன் வந்து கொள்ளி வைத்தார்.

எங்கள் ஆட்களுக்கு மரண வீட்டுத் துடக்கு முப்பத்தொரு நாள். அதுவரைக்கும் இரத்த உறவுக்காரர் கோயில் வாசலை மிதிப்பதில்லை. சாமி படத்துக்குப் பூ வைப்பதும் இல்லை. லண்டனில் இருந்தாலும் லக்கலையில் இருந்தாலும் துடக்கு துடக்குத்தான். தம்பி சின்ன வயதிலேயே அப்பாவுக்குக் கொள்ளி வைத்தவன், அவனுக்கு இதை ஒருவரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை.

செத்தவீடு முடிந்து இரண்டாவது வெள்ளி நான் கடைக்குப் போனேன். வீட்டில் இருக்க முடியவில்லை, அதுதான் உண்மை. இந்த உலகத்தில் அம்மாவைப் பற்றி நான் பேசக்கூடிய ஒரே ஆள் அவன். நானா எழும்பி நின்று துக்கம் விசாரித்துவிட்டு மூலை மிசினைக் காட்டினார். நான் உட்கார்ந்து, தம்பி, இருக்கிறாயா என்று அடித்தேன்.

"சாப்பிட்டீங்களா அக்கா? இன்னைக்கு வெள்ளி, கோயிலுக்குப் போய்ட்டு வந்தேன். அம்மா பேர்ல அர்ச்சனை செஞ்சேன். அம்மா சாப்பிட்டாங்களா?"

திரும்பத் திரும்ப வாசித்தேன். முதலில் எனக்கு வந்தது ஆத்திரம்தான். துடக்கோடு கோயிலுக்குப் போயிருக்கிறான். அதுவும் போகட்டும், செத்துப் பதினொரு நாளான அம்மாவின் பேருக்கு நட்சத்திரம் சொல்லி அர்ச்சனை செய்திருக்கிறான். துடக்கு என்பதே உனக்கு மறந்துபோய்விட்டதா என்று அடித்தேன். கேட்டுச் சொல்றேன் அக்கா என்றான். யாரிடம் கேட்கப் போகிறாய், அம்மா செத்தது உனக்குத் தெரியாதா என்று அடித்தேன். "யோசிக்காதீங்க அக்கா. முழங்கால் எப்படி?" என்று வந்தது.

நான் பரீட்சைத் தாளைப் பார்க்கிற மாதிரி திரையைப் பார்த்தேன். பிறகு ஒரு காரியம் செய்தேன். இன்றைக்கு என்ன கறி என்று கேட்டேன். பருப்பு. அதையே திரும்பக் கேட்டேன். கத்தரிக்காய். மறுபடி கேட்டேன். முட்டை. நாலாவது தரம் பருப்பு வந்தது.

எழும்பிப் போய் நானாவிடம் லண்டனுக்கு ஒரு கோல் எடுத்துத் தரச் சொன்னேன். டெலிபோன் கண்ணாடிப் பெட்டிக்குள் நின்றேன். தம்பி போனைத் தூக்கியதும், நீ இப்போது எங்கே இருக்கிறாய் என்று கேட்டேன். வேலையில் என்றான். அப்படியானால் என்னோடு பேசிக்கொண்டிருப்பது யார் என்று கேட்டேன்.

"அதை நிப்பாட்ட மறந்துட்டேன் அக்கா" என்றான்.

பிறகு எல்லாம் சொன்னான். அவன் படிப்புக்காகச் செய்த புரோகிராம் அது. எங்கள் பழைய பேச்சையெல்லாம் அதற்குள் போட்டு, அவனைப் போலவே பேசப் பழக்கியிருந்தான். வெள்ளிக்குக் கோயில், கறிக்கு ஒரு பட்டியல், நான் சொன்னதையெல்லாம் குறித்து வைத்து அடுத்த கிழமை கேட்க ஒரு வழி. அதற்குத் தெரியாதது ஏதாவது நான் கேட்டால் கேட்டுச் சொல்றேன் என்று போட்டுவிட்டு அவன் போனுக்குச் செய்தி அனுப்பும். அவனுக்கு வசதிப்பட்டால் உள்ளே வந்து அவனே அடிப்பான். நீங்கள் தனிய இருக்கிறீர்கள், நான் வராவிட்டால் மனம் நோகும் என்றுதானே செய்தேன் என்றான். ஒன்றரை வருஷம் என் முழங்காலை விசாரித்தது யார் என்று அப்போதுதான் விளங்கியது. எவ்வளவு வெட்கமாக இருந்தது தெரியுமா? ஒருவரிடமும் சொல்லாததையெல்லாம் அதனிடம் சொல்லியிருந்தேன்.

ஆனால் எனக்கு வேண்டியது வேறு. ஒன்றே ஒன்றைக் கேட்டேன்.

"தைப்பொங்கலுக்கு வாறேன்னு சொன்னது யாரு?"

அந்தப் பக்கம் யாரோ கார்க் கதவை அடித்துச் சாத்தும் சத்தம் கேட்டது.

"அதுவும் அதுதான் அக்கா. அது அப்படிச் சொல்லும்னு நான் நினைக்கவே இல்ல."

நான் கோலை வைத்துவிட்டேன். பஸ்ஸில் வரும்போது எனக்கு ஒரு பக்கம் நெஞ்சு எரிந்தது, இன்னொரு பக்கம் ஒரு கேவலமான ஆறுதலும் இருந்தது. அம்மாவை ஏமாற்றியது ஒரு மிசின். என் தம்பி சோம்பேறி, பொறுப்பில்லாதவன், என்னை ஒரு பொம்மையோடு பேசவிட்டவன். அதெல்லாம் சரி. ஆனால் அம்மாவின் உயிரோடு விளையாடியது அவன் இல்லை. பாஸ்போட் கையில் இல்லாத மனிதன் வருகிறேன் என்று எப்படிச் சொல்லுவான்? அதுதான் எனக்குப் பிடித்துக்கொள்ளக் கிடைத்த கொப்பு. அதைப் பிடித்துக்கொண்டு முப்பத்தோராம் நாள் காரியத்தை முடித்தேன், பள்ளிக்கூடம் போனேன், அவன் கோல் எடுத்தால் இரண்டு சொல் பேசினேன். மிசினைத் திட்டித் தீர்த்தேன். மன்னிக்க வேண்டும் என்று மனம் முழுக்க ஆசையாக இருந்தது. எனக்கு மிஞ்சியிருந்தது அவன் ஒருவன்தான்.

ஆவணியில் தபாலில் ஒரு தடித்த உறை வந்தது. தம்பி அனுப்பியிருந்தான். அவன் ஆராய்ச்சியை ஒப்படைக்க வேண்டுமாம். அதில் எங்கள் பேச்சையும் சேர்க்க என் சம்மதம் வேண்டுமாம். இரண்டு பக்கத்தில் ஒரு படிவம், அதோடு நாற்பது ஐம்பது தாளில் எங்கள் வெள்ளிக்கிழமைகள் எல்லாம் அச்சாகியிருந்தன. வாசித்துப் பார்த்துத்தான் கையெழுத்து வைக்க வேண்டும் என்று படிவத்தில் விதி இருந்ததால் அந்தத் தாள்களையும் சேர்த்து அனுப்பியிருக்கிறான். அவற்றை அவன் ஒருதரம் புரட்டிப் பார்த்திருந்தால் அனுப்பியிருக்க மாட்டான்.

ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒரு கட்டம் இருந்தது. அதில் ஆங்கிலத்தில், புரோகிராம் சொன்னதென்றால் ஏஜன்ட் என்றும், அவனே அடித்ததென்றால் நான் என்றும் போட்டிருந்தது. தாள் தாளாகப் புரட்டினேன். முழங்கால், ஏஜன்ட். அதிபர், ஏஜன்ட். கிணறு, ஏஜன்ட். நான் ஒருநாள் அழுதுகொண்டே தனிமையைப் பற்றி எழுதியதற்கு, சொல்லுங்க அக்கா, கேட்டுக்கிட்டு இருக்கேன் என்று வந்த மறுமொழி, ஏஜன்ட். பிறகு ஐப்பசி வந்தது.

நீ வருவாயா, எப்போது வருவாய் என்ற என் கேள்வி. கேட்டுச் சொல்றேன் அக்கா, ஏஜன்ட். அதற்குப் பன்னிரண்டு நிமிஷம் கழித்து, வாறேன் அக்கா, தைப்பொங்கலுக்குக் கட்டாயம் வாறேன். பக்கத்துக் கட்டத்தில் நான் என்று இருந்தது.

அந்தத் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். தையில் வந்ததையும் தேடினேன். மாசியில் கட்டாயம் வாறேன், அதற்குப் பக்கத்திலும் நான் என்றே இருந்தது. பங்குனியில் இருந்து எட்டு மாதத்தைப் பின்னால் எண்ணினேன். ஐப்பசிக்கு முன்னமே அவன் பாஸ்போட் கையை விட்டுப் போயிருந்தது. வர முடியாது என்று தெரிந்துகொண்டுதான் அடித்திருக்கிறான். அந்தப் பன்னிரண்டு நிமிஷமும் யோசித்துவிட்டு அடித்திருக்கிறான். அக்காவுக்கு அந்த நேரத்துக்கு ஒரு ஆறுதல், தனக்கு அந்த நேரத்துக்கு ஒரு தப்பித்தல். பிறகு பழியைத் தூக்கி வாயில்லாத ஒன்றின் தலையில் போட்டான்.

அந்த மிசின் என்னிடம் பருப்புக் கறியைப் பற்றிப் பொய் சொன்னது. கோயிலுக்குப் போனேன் என்று பொய் சொன்னது. ஆனால் அம்மாவின் உயிர் தங்கியிருந்த கேள்விக்கு, தெரியாது, கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லும் நேர்மை அதற்கு இருந்தது. என் கூடப்பிறந்தவனுக்கு அது இருக்கவில்லை. நான் அன்றைக்குச் சத்தம் போட்டு அழுதேன். அம்மா செத்த அன்றைக்குக்கூட அப்படி அழவில்லை.

படிவம் இரண்டு நாள் மேசையில் கிடந்தது. கிழித்துப் போடத்தான் நினைத்தேன். பிறகு, அந்தப் புரோகிராம் என்ன பாவம் செய்தது என்று தோன்றியது. அது என்னைப் போல எங்கேயாவது தனிய இருக்கும் ஒருத்தியின் முழங்காலை விசாரிக்கட்டும். சம்மதம் என்ற கட்டத்தில் சரி போட்டேன். கடைசியில், ஆராய்ச்சி செய்பவர் உங்களுக்கு என்ன உறவு என்று ஒரு கேள்வி இருந்தது. எனக்குச் சிரமம் வேண்டாம் என்று அவனே பென்சிலால் தம்பி என்று எழுதி அனுப்பியிருந்தான். நான் ரப்பரை எடுத்து அதை அழித்தேன். அந்த இடத்தில் பேனையால் உறவு ஒன்றும் இல்லை என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன்.